அடித்தல் திருத்தல்

போன மாதம் ஒரு நாள் இரவு அண்ணன் மகள் போன் செய்தாள். போலீசில் சேர்ந்து மூன்று வருடமாகிறது. ஸ்டேஷன், ரோந்து, மறுபடி ஸ்டேஷன் என்று ஓடிக்கொண்டிருப்பவள். எப்போது பேசினாலும் பாதித் தூக்கத்தில்தான் பேசுவாள். அன்றைக்குக் குரல் தெளிவாக இருந்தது. "அத்தை, சிறப்புப் பிரிவுக்குப் போக விருப்பம் கேட்டு ஒரு பாரம் கொடுத்திருக்காங்க. மூணு கட்டம் இருக்கு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கொடுத்தாகணும். என்ன எழுதட்டும்?" நான் யோசிக்கவே இல்லை. "ரேகைப் பிரிவுன்னு எழுதும்மா. நைட் டூட்டி கிடையாது. ரோட்டுல நிக்க வேண்டாம். நேரத்துக்கு வீட்டுக்கு வந்துடலாம்" என்றேன். "சரி அத்தை" என்று வைத்துவிட்டாள்.

வைத்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. விரல் ரேகைப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள் நான். அந்த வேலையைப் பற்றி, அதிலேயே இறங்க யோசிக்கிற ஒரு பெண்ணிடம் சொல்ல எனக்கு இருந்தது இவ்வளவுதானா? நேரத்துக்கு வீட்டுக்கு வரலாம் என்பது பொய்யில்லை. வந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்த வாக்கியம் என்னுடையதே இல்லை. நான் சேர்ந்த காலத்தில் எங்கள் வீட்டில் எனக்குச் சொன்னது அது. அன்று எனக்குப் பிடிக்காமல் கேட்டுக்கொண்ட ஒன்றை, அத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த தலைமுறையின் கையில் அப்படியே கொடுத்திருக்கிறேன்.

பிரிவு எடுக்கிற விஷயத்தில் எல்லோரும் சொல்லும் அறிவுரைகளை நானும் கேட்டிருக்கிறேன். எதில் ஆர்வமோ அதை எடு என்பார்கள். எதில் சீக்கிரம் பதவி உயர்வு வருமோ அதை எடு என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். உடம்பு தாங்குமா பார் என்பார்கள் வயதானவர்கள். எல்லாமே நியாயம்தான். ஆனால் ஆர்வம் என்பது பெரும்பாலும் மனதில் ஒட்டியிருக்கும் ஒரு படம். கொலை விசாரணை என்றால் கொலையாளி கண்ணில் கண்ணீரோடு ஒப்புக்கொள்ளும் நிமிடம். நாய்ப் பிரிவு என்றால் நாய் குரைக்கும் நிமிடம். அந்த நிமிடங்கள் வருடத்துக்கு இரண்டு வந்தால் அதிகம். மீதி நாளெல்லாம் எழுதுவதும் காத்திருப்பதும்தான். இது யாருக்கும் புதிதில்லை என்பதால் இதை விட்டுவிடுகிறேன். அன்று இரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. நான் ஒருவரிடமும் சொல்லாத ஒரு கோப்பு.

சுழி, வளையம், கவை

கோப்புக்கு வருமுன் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விரலின் தோலில் ஓடும் கோடுகள் பொதுவாக மூன்று வடிவத்தில் அமையும்: வில், வளையம், சுழி. இதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது, உலகத்தில் பாதிக்கு மேல் வளையம்தான். ஆளைக் காட்டுவது அடுத்த கட்டம். ஒரு கோடு எங்கே சட்டென்று நின்றுபோகிறது, எங்கே கவையாக இரண்டாகப் பிரிகிறது, ஒரு கவைக்கும் அடுத்த முனைக்கும் நடுவில் எத்தனை கோடுகள். லென்ஸை வைத்துக்கொண்டு, கூர்மையான ஊசிமுனையால் கோடு கோடாக எண்ண வேண்டும். பெயிண்டைத் தொட்டால் ஈரம் காய்ந்துவிட்டதா என்று தெரிகிற மாதிரி, சில வருடத்தில் ஒரு ரேகையைப் பார்த்ததும் இது பேசுமா பேசாதா என்று தெரிந்துவிடும். அந்தத் திறமைதான் எங்களுக்குப் பெருமை. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

பயிற்சியில் முதல் நாள் சொல்லும் கதை எப்போதும் 1892-இல் அர்ஜென்டினாவில் நடந்ததுதான். இரண்டு குழந்தைகள் கொல்லப்பட்டுக் கிடக்கிறார்கள். தாய் ஓர் ஆளைக் கைகாட்டுகிறாள். அவனை அடித்து வதைத்தும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை. கதவில் ரத்தக் கறையாக ஒரு கட்டைவிரல் பதிவு. அந்த மரத்துண்டை அறுத்து எடுத்துவந்து ஒப்பிட்டால், அது தாயின் விரல். ஹுவான் வுசெட்டிச் என்ற அதிகாரி உருவாக்கிய முறைக்குக் கிடைத்த வெற்றி. இதைக் கேட்டால் யாருக்கும் உடம்பு சிலிர்க்கும். அடிக்காமல், மிரட்டாமல், ஒரு கறையை வைத்து உண்மையைப் பேச வைத்த துறைக்கு வந்திருக்கிறோம் என்ற நினைப்பு வரும். எனக்கும் வந்தது.

அடுத்த கதை 1897-இல் கல்கத்தாவில் தொடங்கிய ரேகைப் பிரிவு. பத்து விரல்களில் எதிலெதில் சுழி இருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொரு ஜோடி விரலுக்கும் 16, 8, 4, 2, 1 என்று மதிப்புக் கொடுத்து, ஜோடிகளின் முதல் விரல்களைத் தனியாகவும் இரண்டாம் விரல்களைத் தனியாகவும் கூட்டினால், உலகத்தில் உள்ள எல்லாக் கைகளையும் 1,024 அறைகளுக்குள் பிரித்து வைத்துவிடலாம். கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு காலம் முன்பே பல லட்சம் அட்டைகளில் ஒன்றைத் தேடி எடுக்க முடிந்தது இந்தக் கணக்கால்தான். ஸ்காட்லாந்து யார்டு 1901-இல் இதை எடுத்துக்கொண்டது. பெயர் மட்டும் ஹென்றி முறை. மேலதிகாரி எட்வர்ட் ஹென்றி. கணக்கோடு மல்லுக்கட்டியவர்கள் அவருக்குக் கீழே வேலை பார்த்த அஜிஸுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும். எந்தப் பிரிவுக்குப் போனாலும் இது நடக்கும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

2004-இல் நடந்ததை மட்டும் பயிற்சியில் இவ்வளவு உற்சாகமாகச் சொல்லமாட்டார்கள். அந்த வருடம் மார்ச் 11 அன்று மாட்ரிட்டில் ரயில்களில் குண்டு வெடித்து 190 பேருக்கு மேல் இறந்தார்கள். வெடிகுண்டுக்கான டெட்டனேட்டர்கள் இருந்த ஒரு பிளாஸ்டிக் பையில் கிடைத்த ரேகையை, அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் கம்ப்யூட்டரில் போட்டுத் தேடியது. வந்த பட்டியலில் நான்காவதாக இருந்தவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் ஒரு வழக்கறிஞர். அனுபவம் மிக்க ஒரு நிபுணர் 'இவர்தான்' என்றார். இன்னும் இருவர் சரிபார்த்து 'இவர்தான்' என்றார்கள். நீதிமன்றம் நியமித்த தனி நிபுணரும் ஒத்துக்கொண்டார். ஸ்பெயின் போலீஸ் ஏப்ரலிலேயே பொருந்தவில்லை என்று எழுதியிருந்தும் மே மாதம் அவரைக் கைது செய்தார்கள். இரண்டு வாரத்தில் ஸ்பெயின் அந்த ரேகைக்கு உரிய வேறொரு ஆளைக் கண்டுபிடித்தது. வழக்கறிஞரை விட்டார்கள், மன்னிப்புக் கேட்டார்கள், 2006-இல் 20 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தார்கள்.

இந்தச் செய்தி வந்தபோது எங்கள் அறையில் ஒருவரும் பேசவில்லை. மதியம் வரைக்கும் ஆளாளுக்கு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கோப்பு

என்னுடைய கோப்பு அதற்குப் பிறகு வந்தது. எனக்கு அப்போது ஆறு வருட அனுபவம். ஆறு வருடம் என்பது மோசமான காலம். புதிதாக வந்தவனுக்குப் பயம் இருக்கும், இருபது வருடம் ஆனவனுக்குச் சந்தேகம் இருக்கும். ஆறு வருடத்தில் இரண்டும் இருக்காது.

ஒரு வீட்டு ஜன்னலின் உடைந்த கண்ணாடித் துண்டு, அதன் உள்பக்கத்தில் இருந்து பவுடர் போட்டு டேப்பில் எடுத்த ரேகை. வலது கட்டைவிரல் என்று தோன்றியது. நடுவில் தெளிவு, ஓரத்தில் இழுபட்டிருந்தது. கம்ப்யூட்டர் பத்துப் பேரைக் கொடுத்தது. மூன்றாவதாக வந்தவனைப் பார்த்ததுமே எனக்குள் ஏதோ 'ம்' என்றது. கோப்போடு விசாரணை அதிகாரி ஒரு கடிதம் வைத்திருந்தார்: பட்டியலில் இந்தப் பெயர் வந்தால் உடனே தெரிவிக்கவும், இவன் மேல் இதே பாணியில் ஏற்கெனவே நான்கு வழக்குகள் உள்ளன. அதே பெயர்தான் மூன்றாவது.

நான் எண்ணினேன். ஏழு இடம் பொருந்தியது. எட்டு, ஒன்பது. பதினொன்றில் நிறுத்தினேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும், இடது ஓரத்தில், பதிவு அட்டையில் கோடு கவையாகப் பிரிந்தது, கண்ணாடியில் பிரியாமல் நின்றுபோனது. விரலை அழுத்தி இழுத்திருக்கிறான், அதனால் கவையின் ஒரு கிளை பதியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி நடப்பது உண்டு, நான் கற்பனை செய்யவில்லை. 'பொருந்துகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சரிபார்ப்புக்கு அனுப்பிவிட்டு, எப்போதும்போல் நேரத்துக்கு வீட்டுக்கும் போய்விட்டேன்.

மறுநாள் காலை சரிபார்க்கும் மூத்த அதிகாரி என்னைக் கூப்பிட்டார். அதிகம் பேசாத மனிதர். மேஜையில் என் கோப்பு இல்லை. கண்ணாடியில் எடுத்த ரேகையின் பெரிதாக்கிய படம் மட்டும் இருந்தது. ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் நகர்த்தி வைத்தார். "இதைப் பார்த்து வரைங்க." "சார், இதை நேத்தே பார்த்து..." "தெரியும். அட்டையை மறந்துடுங்க. இதுல என்ன இருக்கோ அதை மட்டும் வரைங்க."

முக்கால் மணி நேரம் ஆனது. நடுவிலிருந்து வெளியே, ஒவ்வொரு கோடாக. இடது ஓரத்துக்கு வந்ததும் என் கை தானாகவே கவையைப் போட்டது. பென்சிலை எடுத்துவிட்டுப் படத்தைப் பார்த்தேன். அங்கே கவை இல்லை. அழுத்தம், இழுவை என்று நான் சொன்ன எதற்கும் அங்கே அடையாளம் இல்லை. பக்கத்துக் கோடுகள் இரண்டும் நேராக, சுத்தமாக ஓடின. அழித்துவிட்டு முனையாகப் போட்டேன். பிறகு அந்த முனையிலிருந்து அடுத்த கவை வரைக்கும் நடுவில் உள்ள கோடுகளை எண்ணினேன். இரண்டு. நேற்று மூன்று என்று குறித்திருந்தேன். அட்டையில் மூன்று. நேற்று நான் எண்ணியது அட்டையில் இருந்ததை, கண்ணாடியில் இருந்ததை இல்லை.

அவர் என் வரைபடத்தைப் பார்த்தார். அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நானே 'பொருந்தவில்லை' என்று எழுதினேன். என் பழைய தாளை என்ன செய்வது என்று கேட்டேன். "கோப்புலயே இருக்கட்டும்" என்றார். அந்தக் கடிதத்தைப் படித்தீர்களா என்றும் கேட்டேன். "சரிபார்த்து முடிக்கிற வரைக்கும் நான் எந்தக் கடிதத்தையும் படிக்கிறதில்ல" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

எஃப்.பி.ஐ. 2004-க்குப் பிறகு தன் முறையில் செய்த மாற்றங்களில் ஒன்று இதேதான்: சம்பவ இடத்து ரேகையில் என்னென்ன தெரிகிறது என்று முதலில் எழுதி முடித்துவிட வேண்டும், பிறகுதான் ஒப்பிட வேண்டிய ரேகையைக் கையில் எடுக்க வேண்டும். எங்கள் சார் அதைப் படித்துவிட்டுச் செய்தாரா, தானாகவே செய்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வையும் பிறகு படித்தேன். இதீல் டிரோர் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்தது. ஐந்து ரேகை நிபுணர்கள். ஒவ்வொருவருக்கும் அவரே சில வருடங்களுக்கு முன் 'பொருந்துகிறது' என்று சொன்ன ரேகையை, இது அந்த மாட்ரிட் வழக்கில் தவறாகப் போன ரேகை என்று சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று பேர் பொருந்தவில்லை என்றார்கள். ஒருவர் முடிவு சொல்ல முடியாது என்றார். ஒரே ஒருவர்தான் பழைய முடிவில் நின்றார். கோடுகள் மாறவில்லை, காதில் விழுந்த ஒரு வாக்கியம்தான் மாறியது.

என்னைத் தொந்தரவு செய்வது நான் தவறினேன் என்பதுகூட இல்லை. அந்தத் தவறு சத்தமே போடவில்லை என்பதுதான். சார் கூப்பிடாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரியவே தெரியாது. அந்த ஆளுக்கும் தெரியாது, ஏற்கெனவே நான்கு வழக்கு உள்ளவன் 'நான் இல்லை' என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? நான் நேரத்துக்கு வீட்டுக்குப் போய், நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இன்றுவரைக்கும் தூங்கிக்கொண்டிருப்பேன். இப்படி வேறு எத்தனை கோப்புகளில் சார் விடுமுறையில் இருந்தார் என்ற கணக்கை நான் போட்டுப் பார்த்ததில்லை. போட முடியாது.

ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தவறு

அன்று இரவு விழித்துக் கிடந்தபோதுதான் எனக்கு இது பிடிபட்டது. எந்தப் பிரிவில் என்ன சாதிக்கலாம் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எந்தப் பிரிவில் எப்படித் தவறுவோம் என்று பார்த்தால் பிரிவுகள் வேறு மாதிரி தெரிகின்றன. சிலவற்றில் தவறு இரண்டு வினாடியில் நடந்து, அங்கேயே தெரிந்துவிடும். சிலவற்றில் மாதக்கணக்காக வளரும். சிலவற்றில் தெரியவே தெரியாது.

நாய்ப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். நாய் தவறுவதில்லை என்று நம்பித்தான் பலர் போகிறார்கள். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் பயிற்சி பெற்ற 18 நாய்-கையாளுநர் ஜோடிகளை ஓர் இடத்தில் தேட விட்டார்கள். அங்கே போதைப்பொருளோ வெடிமருந்தோ துளிகூட வைக்கப்படவில்லை. சில இடங்களில் சிவப்புக் காகிதம் ஒட்டி, அங்கே வாசனை இருக்கிறது என்று கையாளுநரிடம் மட்டும் சொல்லியிருந்தார்கள். பெரும்பாலான ஜோடிகள் 'கண்டுபிடித்தார்கள்', அதிகமாகக் காகிதம் ஒட்டிய இடங்களில். ஆக, கையாளுநர் எதை நம்புகிறாரோ அது கயிறு வழியாக இறங்கிவிடுகிறது. என் தவறுக்கு ரொம்ப நெருங்கிய சொந்தம்.

கொலை விசாரணையில் தவறு மெதுவாக ஊறும். ஒருவனைச் சந்தேகித்துவிட்டால் பிறகு கிடைக்கிற ஒவ்வொன்றும் அவன் பக்கமே சாய்ந்து நிற்கும். என் கவை அங்கே ஒரு சாட்சியின் தடுமாற்றமாகவோ, ஒரு போன் அழைப்பின் நேரமாகவோ இருக்கும். ஆனால் அவர்களுக்கு எதிரே ஒரு வக்கீல் உட்கார்ந்து குறுக்கே கேட்பார். என் எதிரே ரொம்ப காலத்துக்கு யாரும் உட்காரவில்லை. ரேகை என்றால் நீதிமன்றமே தலையாட்டிவிடும்.

சிறார் துஷ்பிரயோகப் படங்களைத் தேடும் சைபர் பிரிவைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் வரவில்லை. 2009-இல் வந்த ஃபோட்டோடிஎன்ஏ என்ற நுட்பம் ஏற்கெனவே தெரிந்த படங்களுக்கு ஒருவகை ரேகை எடுத்து வைத்துக்கொள்கிறது. அதே படம் வேறெங்கே வந்தாலும் மனிதர் பார்க்காமலே அடையாளம் கண்டுவிடும். ஆனால் புதுப் படம் என்றால் யாரோ ஒருவர் கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும். அங்கே வேலையைச் சரியாகச் செய்தாலே ஆள் காயப்படுகிறார்.

போக்குவரத்துப் பிரிவை யாரும் முதல் கட்டத்தில் எழுதமாட்டார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. 2021-இல் உலகம் முழுக்கக் கொலையில் இறந்தவர்கள் சுமார் 4.58 லட்சம். அதே வருடம் சாலையில் இறந்தவர்கள் சுமார் 11.9 லட்சம். விபத்து நடந்த இடத்தில் டயர் தேய்ந்த தடத்தை டேப் வைத்து அளந்து, ரோட்டின் உராய்வையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, பிரேக் போடும்போது வண்டி குறைந்தது என்ன வேகத்தில் வந்தது என்று சொல்லிவிடுவார்கள். கணக்கில் தப்பிருந்தால் இன்னொருவர் அதே தடத்தைப் படத்தில் அளந்து திருத்தலாம். திருத்த முடிகிற தவறு எவ்வளவு பெரிய வசதி என்று அந்த வேலையில் இருப்பவர்களுக்கே தெரியாது.

பிணைக்கைதி விவகாரங்களில் பேசுகிறவர்கள் இன்னொரு வகை. இதைத் தனிப் பயிற்சியாக 1973-இல் நியூயார்க் போலீஸ் உருவாக்கியது. முந்தைய வருடம் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய வீரர்கள் பிணைக்கைதிகளாகப் பிடிக்கப்பட்டு இறந்த கோரம்தான் தூண்டுதல். அதை அமைத்தவர்களில் ஒருவரான ஹார்வி ஸ்க்லாஸ்பெர்க் மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய துப்பறிவாளர். அவர்கள் பிடித்துக்கொண்ட விஷயம் எளிமையானது: அவசரப்படாதே, பேச்சை இழு, எதிராளியைப் பேசவிட்டுக் கேள். மணிக்கணக்காகப் பேசி, கடைசியில் ஒரு சொல் தவறாக விழுந்தால் அந்த நிமிடமே தெரிந்துவிடும். வாழ்நாளுக்கும் காதில் கேட்கும்.

மறுநாள் காலை

ஏழு மணிக்கு நானே போன் செய்தேன். "நேத்து சொன்னதை எழுதிட்டியா?" "முதல் கட்டத்துல எழுதிட்டேன் அத்தை." "கொடுத்துட்டியா?" "இன்னும் இல்ல." சரி, பத்து நிமிடம் கேள் என்று சொல்லிவிட்டு அந்தக் கோப்பைச் சொன்னேன். அண்ணனிடம் சொல்லாதது, வீட்டுக்காரரிடம் சொல்லாதது. பென்சிலில் கவையைப் போட்டு அழித்ததைச் சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அவள் குறுக்கே பேசவில்லை. பிறகு அவளுடையதைச் சொன்னாள்.

சேர்ந்த முதல் வருடம். ஒரு வீட்டில் சண்டை என்று பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்ய, இவளும் கூட ஒருவரும் போயிருக்கிறார்கள். கதவைத் திறந்த கணவன் சிரித்துக்கொண்டே, டிவி சத்தம் கொஞ்சம் கூடிடுச்சு என்றான். அவன் தோளுக்குப் பின்னால் நின்ற மனைவியும் ஆமாம் என்று தலையாட்டினாள். திரும்பிவிட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் மறுபடி அழைப்பு. இந்தத் தடவை போனபோது அந்தப் பெண்ணின் மணிக்கட்டு உடைந்திருந்தது. "இப்பவும் அந்த அக்காவை வழியில பாத்தா நின்னு பேசுவாங்க அத்தை. அவங்க கையைப் பாக்காம இருக்க முடியாது எனக்கு. அதுக்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் உள்ள போய், ரெண்டு பேரையும் வேற வேற ரூம்ல வச்சுப் பேசாம நான் திரும்புறதில்ல."

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்களுக்குள் இருந்த வித்தியாசம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவளுடைய தவறு வழியில் எதிரே வருகிறது, நின்று பேசுகிறது. அதனால் அவள் மாறிவிட்டாள், மூன்றே வருடத்தில். எனக்கு ஒரு சார் தேவைப்பட்டார்.

அப்புறம் நான் படித்த இரண்டு விஷயங்களை அவளிடம் சொன்னேன். 1972, 73-இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் வழக்கமான ரோந்தை நிறுத்தினார்கள், ஒன்றில் இரண்டு மூன்று மடங்காக்கினார்கள், ஒன்றை அப்படியே விட்டார்கள். குற்றத்தில் குறிப்பிடும்படி வித்தியாசமே இல்லை. மக்களுக்கும் பெரிதாகத் தெரியவில்லை. "அப்ப நான் ராத்திரி பூரா சுத்துறது வேஸ்ட்டா?" என்றாள். சும்மா சுற்றுவது அப்படித்தான் போலிருக்கிறது என்றேன். ஆனால் 1975-இல் ரேண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் துப்பறிவாளர்களின் வேலையை ஆராய்ந்தபோது வேறொன்று கிடைத்தது. ஒரு வழக்கு துலங்குமா துலங்காதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்தது சிறப்புப் பிரிவின் திறமை இல்லை. சம்பவ இடத்துக்கு முதலில் போய் நின்ற சாதாரணப் போலீசிடம் பாதிக்கப்பட்டவர் சொன்ன விவரம்தான். அதைக் கேட்டதும் அவள் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் அது புதிதில்லை. என் மேஜைக்கு நல்ல ரேகை வந்த ஒவ்வொரு தடவையும், முதலில் அந்த அறைக்குள் போன யாரோ ஒருவர் எதையும் தொடாமல் வெளியே வந்து வாசலில் நின்றிருக்கிறார். அந்தப் பெயர் எந்த அறிக்கையிலும் வராது.

இதையெல்லாம் சொன்னதால் ரேகைப் பிரிவு வேண்டாம் என்று நான் சொன்னதாக ஆகாது. இப்போது முறைகள் மாறியிருக்கின்றன, சந்தேகப்படத் தெரிந்தவர்கள் அங்கேயும் தேவை, ஒருவேளை அங்கேதான் அதிகம் தேவை. வீட்டுக்கு நேரத்துக்கு வருவதும் சின்ன விஷயமில்லை. அதையும் சொன்னேன். "நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு எனக்குப் புரியுது அத்தை, ஆனா உங்களுக்குப் புரியுதான்னு தெரியல" என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

பதினொன்றரைக்கு வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. அந்தப் பாரம். முதல் கட்டத்தில் 'விரல் ரேகைப் பிரிவு' என்று எழுதி, நடுவில் ஒரே கோடாக அடித்திருந்தாள். அதற்கு மேலே இருந்த சிறிய இடத்தில் நெருக்கி நெருக்கி, 'தற்போதைய ஸ்டேஷன் பணியிலேயே தொடர விருப்பம்' என்று எழுதியிருந்தாள். இரண்டாவது கட்டத்தில் 'பேச்சுவார்த்தைக் குழு'. மூன்றாவது காலி. தாளைப் பிடித்திருந்த கட்டைவிரல் படத்தின் ஓரத்தில் பாதி விழுந்திருந்தது. பழக்க தோஷம், பெரிதாக்கிப் பார்த்தேன். வளையம்தான்.

அதைச் சுருக்கிவிட்டுப் பாரத்தின் தலைப்பைப் படித்தபோதுதான் கவனித்தேன். கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: அடித்தல் திருத்தல் உள்ள படிவங்கள் ஏற்கப்பட மாட்டா. உடனே போன் செய்தேன். எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துச் செய்தி வந்தது: "புதுப் பாரம் கிடையாதாம் அத்தை. அப்படியே கொடுத்துட்டேன்."